சுமை ஏறுனத இரும்பு எப்படி தெரிஞ்சுக்குது? ஐயோவா பழைய டிராக்டர் கண்காட்சியில கேட்ட சத்தங்கள்

ஒரு இன்ஜின் சும்மா ஓடிட்டு இருக்கு, திடீர்னு அதுமேல பாரம் ஏறுது, உடனே அது அதிகமா எரிபொருள் எடுத்துக்கணும், பாரம் இறங்கினதும் கொறச்சுக்கணும். இன்னைக்கு இதெல்லாம் சென்சாரும் சிப்பும் பாத்துக்குது. சிப்பு மட்டுமில்ல, ரேடியோவே வீட்டுக்கு வராத காலத்துல, வயக்காட்டு ஓரமா தனியா விட்டுட்டுப் போன ஒரு இன்ஜின் இந்த வேலைய எப்படி தானா பண்ணுச்சு? இந்தக் கேள்விக்கு பதில படிச்சு புரிஞ்சுக்கறத விட பக்கத்துல நின்னு காதால கேட்டு புரிஞ்சுக்கறது ரொம்ப சுலபம், ஏன்னா அந்தக் காலத்து மெஷின்ல இந்த முடிவு எடுக்குற பாகம் எல்லாம் வெளிய தெரியுற மாதிரி இருக்கும், ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சத்தமும் இருக்கும்.

அப்படிக் கேக்கணும்னா போக வேண்டிய இடங்கள்ல ஒண்ணு அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்தோட தென்கிழக்குப் பக்கம் இருக்குற மவுண்ட் ப்ளெசன்ட். சின்ன ஊர்தான், சுத்தி மக்காச்சோளமும் சோயாவும். அங்க 1950ல ஆரம்பிச்சது 'மிட்வெஸ்ட் ஓல்ட் த்ரெஷர்ஸ் ரீயூனியன்'ங்கற பழைய விவசாய மெஷின் கண்காட்சி. செப்டம்பர் மாசம் முதல் திங்கள்கிழமை அவங்களுக்கு லேபர் டே லீவு, அன்னைக்கு முடியுற மாதிரி 5 நாள் நடக்கும். நீராவி இன்ஜின், கதிரடிக்கிற மெஷின், பழைய டிராக்டர் வரிசை வரிசையா, மைதானத்த சுத்தி வர ஒரு குறுகிய பாதை நீராவி ரயிலு, பழைய எலெக்ட்ரிக் டிராம் வேற. மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி வச்சிருக்குற மாதிரி இல்லாம எல்லாமே ஓடிட்டு இருக்கும், எண்ணெய் வழியும், சூடா இருக்கும், கிட்டப் போனா புகை கண்ண கரிக்கும். எனக்கு இதுல பிடிச்சதே அதுதான். மெஷின் பக்கத்துல மடக்கு சேர் போட்டு உக்காந்திருக்குற பெரியவங்ககிட்ட 'இது எப்படி வேலை செய்யுது'ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, எழுந்து வந்து ஒவ்வொரு பாகமா தொட்டுக் காட்டி அரை மணி நேரம் விளக்குவாங்க, அவ்வளவு ஆசையா.

மொதல்ல சின்ன இன்ஜின்கள் ஓடுற பகுதிக்குப் போவோம். தூரத்துல வரும்போதே ஒரு விநோதமான சத்தம் கேக்கும். 'டொப்'னு ஒரு வெடி, அப்புறம் ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்னு வெறும் மூச்சு, திரும்ப ஒரு 'டொப்'. மொத தடவ கேக்குறவங்க இன்ஜின் ஏதோ கோளாறாகி நிக்கப் போகுதுன்னு நெனப்பாங்க. அதுதான் 'ஹிட் அண்ட் மிஸ்' இன்ஜின், அது ஒழுங்கா ஓடுற சத்தமே அப்படித்தான். 1900கள்ல ஆரம்பிச்சு 1930கள் வரைக்கும் அமெரிக்க பண்ணைகள்ல தண்ணி இறைக்க, மக்காச்சோளம் உதிர்க்க, வெண்ணெய் கடைய, துணி துவைக்க எல்லாத்துக்கும் இதுதான். ஃபேர்பேங்ஸ் மோர்ஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்னு ஏகப்பட்ட கம்பெனி செஞ்சாங்க, ஜான் டீர் கம்பெனியோட மாடல் ஈ 1923ல வந்தது, 1.5 ஹெச்பில இருந்து 6 ஹெச்பி வரைக்கும்.

உள்ள நடக்குறது என்னன்னா, இது சாதாரண நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்தான், ஒரே ஒரு சிலிண்டர், படுக்க வச்சது, ரெண்டு பக்கமும் ஃப்ளைவீல்ங்கற பெரிய கனமான சக்கரம். நம்ம பைக் இன்ஜின்ல காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வ, கேம்ங்கற மேடு வச்ச சுத்துற பாகம் தள்ளித் திறக்கும் இல்லையா, இதுல இன்டேக் வால்வுக்கு கேமே கிடையாது, ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டும் அத மூடி வச்சிருக்கும், பிஸ்டன் வெளிய இழுக்கும்போது உள்ள காத்தழுத்தம் கொறையும், அந்த உறிஞ்சல்ல வால்வு தானா திறந்து காத்தும் பெட்ரோலும் கலந்து உள்ள வரும். புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வுக்கு மட்டும்தான் கேமும் புஷ்ராடுங்கற ஒரு நீளமான தள்ளு கம்பியும் இருக்கும், அது இன்ஜினோட பக்கவாட்டுல வெளிய தெரியுற மாதிரி முன்னும் பின்னும் ஓடிட்டு இருக்கும். மொத்த சூட்சுமமும் இந்த ஒரு வித்தியாசத்துலதான்.

ஃப்ளைவீலுக்குள்ள பாத்தீங்கன்னா ரெண்டு இரும்பு எடை ஸ்பிரிங்கோட கட்டியிருக்கும். வேகம் கூடக் கூட அது ரெண்டும் வெளிய விரியும், விரிஞ்சா ஷாஃப்ட் மேல இருக்குற ஒரு வளையத்த நகர்த்தும், வளையம் ஒரு சின்ன நெம்புகோல தள்ளும், அந்த நெம்புகோலோட நுனி புஷ்ராட்ல இருக்குற ஒரு வெட்டுல போய் கொக்கி மாதிரி மாட்டிக்கும். எப்போ மாட்டும்னா, புஷ்ராட் எக்ஸாஸ்ட் வால்வ முழுசா திறந்து வச்சிருக்குற நேரத்துல. அதனால எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே நின்னுடும். இப்போ பிஸ்டன் இழுத்தா அந்தத் திறந்த வழியாவே காத்து உள்ள வந்துடும், உறிஞ்சலே உருவாகாது, உறிஞ்சல் இல்லன்னா இன்டேக் வால்வு திறக்காது, இன்டேக் திறக்கலன்னா ஒரு சொட்டு பெட்ரோல் கூட உள்ள வராது. பிஸ்டன் சும்மா எக்ஸாஸ்ட் வழியா மூச்சு விட்டுட்டு இருக்கும், அதுதான் அந்த ஃபுஸ் ஃபுஸ். ஃப்ளைவீல் தன்னோட வேகத்துலயே சுத்தும், கொஞ்சம் கொஞ்சமா வேகம் கொறையும், எடைகள ஸ்பிரிங் உள்ள இழுக்கும், கொக்கி விடும், எக்ஸாஸ்ட் மூடும், அடுத்த இழுப்புல உறிஞ்சல் வரும், கலவை உள்ள வரும், அமுங்கும், தீப்பொறி, டொப். ஊஞ்சல்ல உக்கார வச்ச குழந்தைய ஒரு தள்ளு தள்ளிட்டு, வேகம் கொறையுற வரைக்கும் காத்திருந்து திரும்பத் தள்ளுவோமே, அதே கணக்கு.

இப்போ பாரம் ஏறுனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மக்காச்சோளம் அரைக்குற மெஷின்ல பெல்ட் மாட்டினா வேகம் சீக்கிரம் கொறையும், கொக்கி சீக்கிரம் விடும், டொப் அடிக்கடி வரும். 480 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 480 சுத்துல ஓடுற இன்ஜின்னு வச்சுக்குவோம், நாலு ஸ்ட்ரோக்னா ரெண்டு சுத்துக்கு ஒரு வெடிதான், நிமிஷத்துக்கு அதிகபட்சம் 240 தடவ வெடிக்கலாம், பாரமே இல்லாம எட்டுல ஒரு வாய்ப்புல மட்டும் வெடிச்சா நிமிஷத்துக்கு வெறும் 30 வெடி, முழு பாரத்துல 240. கண்ண மூடிட்டு நின்னாலே எவ்வளவு பாரம் இருக்குன்னு காதே சொல்லிடும். பண்ணைக்காரர் தூரத்துல வேற வேலை பாத்துட்டே கிணத்துப் பக்கம் இன்ஜின் எப்படி இருக்குன்னு இந்த சத்தத்த வச்சே தெரிஞ்சுக்கலாம்.

அந்த ஃப்ளைவீல் எதுக்கு அவ்வளவு கனம்ங்கறதுக்கும் ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். ரெண்டு ஃப்ளைவீலும் சேத்து 100 கிலோ, அந்த எடை மையத்துல இருந்து கால் மீட்டர் தூரத்துல இருக்குன்னு தோராயமா எடுத்துக்கிட்டா, 480 ஆர்பிஎம்ல அதுல சேந்திருக்குற ஆற்றல் கிட்டத்தட்ட 8 கிலோஜூல். 1.5 ஹெச்பின்னா வினாடிக்கு 1.1 கிலோஜூல்தான், அப்போ முழு பாரத்தயும் ஃப்ளைவீல் மட்டுமே ஏழு வினாடிக்கு இழுக்குற அளவு அதுல சேமிப்பு இருக்கு. அதுவும் வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு, அதனாலதான் சின்ன வேக மாற்றத்துலயே நிறைய ஆற்றல வாங்கிக் கொடுக்க முடியுது. இந்த சேமிப்பு இல்லாம ஹிட் அண்ட் மிஸ் நடக்கவே நடக்காது, ரெண்டாவது ஃபுஸ்லயே நின்னுடும்.

தீப்பொறிக்கும் இதுல நிறைய மாடல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள்ள ரெண்டு உலோகப் புள்ளி தொட்டுட்டு இருக்கும், ஒரு பேட்டரியில இருந்து, இரும்பு மேல கம்பி சுத்துன ஒரே ஒரு காயில் வழியா கரண்ட் ஓடும், சரியான நேரத்துல ஒரு விசை பட்டுனு புள்ளிய பிரிக்கும். காயில்ல ஓடிட்டு இருக்குற கரண்ட் திடீர்னு நிக்க விரும்பாது, அந்த இடைவெளியிலயும் பாயப் பாக்கும், அதுதான் பொறி. அந்த விசையும் பெரும்பாலும் அதே புஷ்ராட்ல இருந்துதான் இயங்கும், புஷ்ராட் கொக்கியில மாட்டி நின்னா விசையும் நிக்கும், பேட்டரியும் வீணாகாது. ஒரே கொக்கி பெட்ரோல், கரண்ட் ரெண்டையும் நிறுத்துது. இத யோசிச்சவங்க மேல எனக்கு இருக்குற மரியாதைக்கு அளவே இல்ல.

குளிர வைக்குறதும் அப்படித்தான், ரேடியேட்டர் இல்ல, பம்ப் இல்ல, சிலிண்டர சுத்தி மேல திறந்த ஒரு தொட்டி, தண்ணி ஊத்தி வச்சா கொதிச்சுட்டே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து 100க்கு கொண்டு வர 290 கிலோஜூல் போதும், ஆனா அதே லிட்டர ஆவியாக்க 2257 கிலோஜூல் வேணும், அந்த வித்தியாசம்தான் இன்ஜின காப்பாத்துது. எவ்வளவு பாரம் ஏத்தினாலும் தண்ணி இருக்குற வரைக்கும் அந்தத் தண்ணி 100 டிகிரிய தாண்டாது, பாரம் கூடினா ஆவி கூடும், அவ்வளவுதான். இந்த மாதிரி கண்காட்சிகள்ல இதே இன்ஜின்ல பெல்ட் மாட்டி ஐஸ்கிரீம் கடைஞ்சு விப்பாங்க. ஐஸ்கிரீம் இறுக இறுக டொப் சத்தம் நெருங்கி வரும், வரிசையில நிக்குற குழந்தைங்களுக்குக் கூட ஐஸ்கிரீம் ரெடியாகப் போறது சத்தத்துலயே தெரியும்.

இந்த யோசனை செத்துப் போகல. ஜெனரல் மோட்டார்ஸ் 2019 மாடல் சில்வராடோ பிக்கப்ல V8 இன்ஜினுக்கு ஒரு முறை கொண்டு வந்தாங்க, எட்டு சிலிண்டர்ல எது எப்போ வெடிக்கணும், எது சும்மா இருக்கணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், 17 விதமான வரிசை இருக்கு. பாதி மூடின குழாய் வழியா கொஞ்சமா மூச்சு விடுறத விட, வேணும்ங்கற போது முழு மூச்சு எடுத்து வெடிச்சுட்டு மத்த நேரம் சும்மா இருக்குறது எரிபொருள மிச்சப்படுத்தும், காரணம் அதான். ஒரு வித்தியாசம், சும்மா இருக்குற சிலிண்டர்ல இப்போ ரெண்டு வால்வயும் மூடியே வச்சிடறாங்க, அடைபட்ட காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியும், அதனால இழப்பு இன்னும் கம்மி. பழசுக்கு ஒரு குறை இருந்தது, வேகம் ஏறி இறங்கிட்டே இருக்கும், டைனமோ மாட்டி பல்பு போட்டா வெளிச்சம் ஆடும். எரிபொருள் வழிய கொஞ்சமா திறந்து மூடி வேகத்த ஒரே மாதிரி வைக்குற த்ராட்டில் கவர்னர் வந்து இத ஓரங்கட்டிடுச்சு.

டிராக்டர் வரிசைக்கு வந்தா இன்னொரு சத்தம் உங்களப் பிடிச்சு நிறுத்தும். பச்சையும் மஞ்சளுமா நிக்குற பழைய ஜான் டீர். இதோட கதை ஐயோவாவுலயே ஆரம்பிக்குது, 1892ல ஜான் ஃப்ரோலிக்ங்கறவரு பெட்ரோல் இன்ஜின் வச்சு முன்னயும் பின்னயும் போகுற ஒரு டிராக்டர செஞ்சாரு, அதத் தொடர்ந்து வாட்டர்லூ ஊர்ல ஒரு கம்பெனி உருவாச்சு, அவங்க வாட்டர்லூ பாய்னு டிராக்டர் வித்தாங்க, 1918ல அந்தக் கம்பெனிய ஜான் டீர் வாங்கிடுச்சு. வாங்கும்போது கூடவே வந்தது ரெண்டு சிலிண்டர் இன்ஜின். 1923ல வந்த மாடல் டி 1953 வரைக்கும் தயாரிப்புல இருந்தது, 30 வருஷம். 1960ல புது வரிசை வர்ற வரைக்கும் அந்தக் கம்பெனி கிட்டத்தட்ட ரெண்டு சிலிண்டரையே பிடிச்சுட்டு இருந்தது. அதோட சத்தம் 'பாப்-பாப்... பாப்-பாப்...', ஜோடி ஜோடியா, நடுவுல ஒரு நொண்டல். அந்த ஊர்க்காரங்க செல்லமா 'ஜானி பாப்பர்'னு கூப்பிடுவாங்க.

ஏன் நொண்டுது? நாலு ஸ்ட்ரோக் சுழற்சி முடிய, பிஸ்டனோட ஓட்டத்த சுத்தா மாத்துற கிராங்க் ரெண்டு சுத்து சுத்தணும், அதாவது 720 டிகிரி. ரெண்டு சிலிண்டருக்கும் சமமா பிரிச்சா 360 டிகிரிக்கு ஒரு வெடி வரணும், அப்படி வேணும்னா ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா போய் ஒண்ணா வரணும். ஆனா படுக்க வச்ச, கனமான ரெண்டு பிஸ்டன் ஒரே நேரத்துல முன்னாடி போய் ஒரே நேரத்துல பின்னாடி வந்தா டிராக்டர் மொத்தமும் முன்னும் பின்னும் உலுக்கும். அதனால ஒண்ணு முன்னாடி போகும்போது இன்னொண்ணு பின்னாடி வர்ற மாதிரி கிராங்க்ல 180 டிகிரி தள்ளி வச்சாங்க. உலுக்கல் அடங்குச்சு, ஆனா வெடி மொதல்ல ஒண்ணு, 180 டிகிரில அடுத்தது, அப்புறம் 540 டிகிரி அமைதி. அந்த அமைதிய ஃப்ளைவீல் பாத்துக்கும். சத்தம் நொண்டுறத ஏத்துக்கிட்டு உடம்பு ஆடாம இருக்குறத வாங்கிக்கிட்டாங்க, என்னைக் கேட்டா அது நல்ல பேரம்தான், பாகம் கம்மி, வயக்காட்டுலயே கழட்டி மாட்டிடலாம்.

இத ஸ்டார்ட் பண்றத கண்டிப்பா பாக்கணும். சிலிண்டர்ல இருக்குற சின்ன குழாய் மாதிரி காக் ரெண்டையும் திறந்து விட்டு, அமுக்கம் இல்லாம பண்ணி, இடது பக்கம் வெளிய இருக்குற ஃப்ளைவீல ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு சுத்து. புகையும் தீயும் காக் வழியா பீய்ச்சும், பிடிச்சதும் காக்க மூடுவாங்க. அந்தக் காலத்துல மண்ணெண்ணெய் மாதிரியான மலிவான எரிபொருள் பெட்ரோல விட ரொம்ப சல்லிசு, ஆனா குளிர்ந்த இன்ஜின்ல அது ஆவியாகாது, அதனால சின்ன டேங்க்ல பெட்ரோல், பெரிய டேங்க்ல மண்ணெண்ணெய், பெட்ரோல்ல கிளப்பி சூடானதும் மாத்திக்குவாங்க. 1930கள்ல வந்த மாடல் ஏ, மாடல் பி ரெண்டுலயும் ஆரம்பத்துல தண்ணிக்கு பம்பே கிடையாது, சூடான தண்ணி லேசாகி மேல ஏறும், ரேடியேட்டர்ல குளிர்ந்தது கனமாகி கீழ இறங்கும், பாரம் கூடி சூடு கூடினா ஓட்டமும் தானா கூடும். இங்கயும் பாருங்க, பாரம் தன்னோட மருந்த தானே கொண்டு வருது.

அந்தக் காலத்துல எல்லா டிராக்டரும் சொன்னபடி இழுத்துச்சுன்னு இல்ல. ஏமாத்து விளம்பரம் நிறைய. நெப்ராஸ்கா மாநிலத்துல 1919ல ஒரு சட்டம் போட்டாங்க, அந்த மாநிலத்துல விக்கணும்னா பல்கலைக்கழகத்துல டிராக்டர சோதிச்சு, கம்பெனி சொல்ற சக்தி நிஜமா இருக்கான்னு காட்டணும். 1920ல முதல்ல தேறினது அதே வாட்டர்லூ பாய்தான். லிங்கன் நகரத்துல அந்த சோதனை இன்னைக்கும் நடக்குது.

நீராவி பக்கம் போனா அளவே வேற. இருபது டன்னு வரைக்கும் எடை, மனுஷன விட உயரமான சக்கரம், அது நகர்றத பாக்குறதே ஒரு பிரமிப்பு, ஆனா அதோட முக்கிய வேலை நகர்றது இல்ல, ஒரு இடத்துல நின்னு பெல்ட் வழியா கதிரடிக்கிற மெஷின ஓட்டுறது. பெல்ட் 100 அடிக்கு மேல நீளம் இருக்கும். நீளத்துக்கு முதல் காரணம் தீ, புகைபோக்கியில இருந்து பொறி பறக்கும், பக்கத்துல காஞ்ச வைக்கோல் மலையா குமிஞ்சிருக்கும், தள்ளி வைக்கலன்னா அந்த வருஷ விளைச்சல் அதோட போச்சு. பெல்ட்ட நடுவுல ஒரு முறுக்கு முறுக்கி எட்டு மாதிரி போட்டிருப்பாங்க, அப்படிப் போட்டா ரெண்டு சக்கரத்தயும் பெல்ட் அதிக வளைவுக்கு சுத்திப் பிடிக்கும், வழுக்காது, காத்துல அடிக்குறதும் கொறையும்.

இங்க பாரத்த கண்டுபிடிக்குற வேலைய ரெண்டு பேர் பாக்குறாங்க. ஒருத்தர் கவர்னர், சிலிண்டர் மேல சின்னதா சுத்திட்டு இருக்குற உருண்டைகள். ஜேம்ஸ் வாட் 1788ல நீராவி இன்ஜின்ல போட்ட அதே தத்துவம்தான், வேகம் கூடினா உருண்டை விரியும், நீராவி வழி கொறையும், வேகம் விழுந்தா உருண்டை சுருங்கும், வழி திறக்கும். ரெண்டாவது ஆள் புகைபோக்கி. சிலிண்டர்ல வேலை முடிச்ச நீராவிய சும்மா வெளிய விடாம புகைபோக்கிக்குள்ள ஒரு முனை வழியா மேல பீய்ச்சுவாங்க, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ, அதுதான் அந்த 'சக் சக்'. அது மேல பாயும்போது புகையயும் சேத்து இழுக்கும், அடியில அடுப்புக்குள்ள புதுக் காத்து பாயும், தீ எழும்பும். பாரம் ஏறினா கவர்னர் வழிய திறக்கும், நீராவி அதிகமா வெளிய வரும், இழுப்பு கூடும், தீ கூடும், நீராவி இன்னும் உருவாகும். ஆள் கரியோ விறகோ போட்டா போதும், எவ்வளவு காத்து வேணும்னு இன்ஜினே பாத்துக்கும்.

இத காட்டுறதுக்கு பேக்கர் ஃபேன்னு ஒண்ண பல கண்காட்சியில வச்சிருப்பாங்க, பெல்ட்ல சுத்துற பெரிய பலகை விசிறி. வேற எதுக்கும் உபயோகம் இல்ல, காத்த அடிச்சு பாரம் கொடுக்கறதுக்கு மட்டும். விசிறிக்கு ஒரு குணம் இருக்கு, வேகம் ரெண்டு மடங்கானா தேவைப்படுற சக்தி எட்டு மடங்கு, வேகம் வெறும் 10 சதவீதம் கூடினாலே சக்தி 33 சதவீதம் கூடுது. ஆபரேட்டர் வேகத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்த ஏத்த, மெல்லிசா 'சக் சக்'னு இருந்தது நெஞ்சுல அடிக்குற மாதிரி குலைக்க ஆரம்பிக்கும், புகை நேரா வானத்துக்கு எழும்பும். மொத்த மைதானத்துலயும் நான் திரும்பத் திரும்ப போய் நின்ன இடம் அதுதான்.

இவ்வளவு அழகுக்குப் பின்னாடி ஒரு ஆபத்து இருக்கு, அத சொல்லாம போறது சரியில்ல. அடுப்புக்கு மேல ஒரு இரும்புத் தகடு கூரை மாதிரி இருக்கும், அதுக்கு மேல எப்பவும் தண்ணி நிக்கணும். சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்துல தண்ணி 186 டிகிரி சூட்டுல இருக்கும், தண்ணி மூடியிருக்குற வரைக்கும் தகடும் அதுக்குக் கொஞ்சம் மேலதான் போகும். தண்ணி கீழ இறங்கிடுச்சுன்னா தகடு தீயில நேரடியா காஞ்சு பழுத்து பலம் இழந்து உள்வாங்கும். அழுத்தம் ஒரேடியா விட்டதும் 186 டிகிரி தண்ணியில ஆறுல ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணி 200 லிட்டருக்கு மேல நீராவிய கக்கும், பாய்லர்ல இருக்குறதோ நூத்துக்கணக்கான லிட்டர். 2001 ஜூலையில ஒஹையோ மாநிலம் மெடினாவுல ஒரு பழைய நீராவி டிராக்டர் தண்ணி மட்டம் கொறஞ்சு வெடிச்சு 5 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் அந்த மாநிலத்துல இந்த பழைய பாய்லர்களுக்கும் சோதனை, லைசென்ஸ்னு சட்டம் வந்தது. தகட்டுல ஒரு துளை போட்டு வெள்ளீயம் அடைச்ச பிளக் வச்சிருப்பாங்க, வெள்ளீயம் 232 டிகிரில உருகும், தண்ணி இறங்கினா அது உருகி நீராவி பீய்ச்சி ஆபரேட்டர எச்சரிக்கும். ஆனா அதுல உப்பும் படிவும் ஏறிடுச்சுன்னா நம்ப முடியாது. நல்ல ஆபரேட்டர் பேசிட்டு இருக்கும்போது கூட கண்ணு தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்க்கு போய்ட்டு போய்ட்டு வரும். சரிவுல முன்பக்கமா இறங்கும்போது தண்ணி முன்னாடி ஓடி அடுப்புத் தகடு வெளிய தெரியும்ங்கறதால அதுக்கும் தனியா கவனமா இருப்பாங்க.

இதுவரைக்கும் பாத்த எல்லாமே வேகத்த வச்சுத்தான் பாரத்த கண்டுபிடிச்சது. இழுவைய நேரடியா தொட்டுப் பாத்து முடிவெடுத்த டிராக்டர்ன்னா அது சாம்பல் நிறத்துல ஓரமா நிக்குற சின்ன ஃபெர்குசன். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் முதல் உலகப்போர் சமயத்துல அரசாங்கத்துக்காக டிராக்டர் உழவ மேற்பார்வை பாத்தவரு. அப்போ டிராக்டர் பின்னாடி கலப்பைய சங்கிலி போட்டு வண்டி மாதிரி இழுப்பாங்க. கலப்பை வேர்லயோ பாறையிலயோ மாட்டிக்கிட்டா பின் சக்கரம் நகராது, இன்ஜின் விடாம முறுக்கும், சக்கரம் சுத்த முடியலன்னா டிராக்டரே பின் அச்ச மையமா வச்சு முன்பக்கம் தூக்கி ஓட்டுறவர் மேல கவுந்துடும். 1917ல வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்ல இப்படி பல உயிர் போயிருக்கு.

ஃபெர்குசன் செஞ்சது, கலப்பைய மூணு புள்ளியில டிராக்டரோட சேத்தாரு. கீழ ரெண்டு கை, மேல ஒரு டாப் லிங்க். உழும்போது மண்ணு கலப்பைய அடியில பின்னாடி தள்ளும், கீழ கைகள் அத முன்னாடி இழுக்கும், அப்போ கலப்பை முன்பக்கமா குப்புற சாயப் பாக்கும், அந்த சாய்வு டாப் லிங்க்க டிராக்டர் பக்கம் அமுக்கும். டிராக்டர் தூக்கப் பாக்குற முன்பக்கத்த இந்த அமுக்கமே கீழ வச்சிருக்கும். அதோட நிக்கல. டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்க அமுக்கும், ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வ நகர்த்தும். மண்ணு இறுகினா அமுக்கம் கூடும், வால்வு திறந்து கலப்பைய இம்மி மேல தூக்கும், இழுவை கொறையும், திரும்ப இறங்கும். தூக்கும்போது கலப்பையோட எடையும் அது மேல புரள்ற மண்ணோட எடையும் பின் சக்கரத்து மேல ஏறும், அதனால பிடிப்பும் கூடும். பெரிய டிராக்டர் தன்னோட எடையால வாங்குற பிடிப்ப இது கலப்பைகிட்ட இருந்து கடன் வாங்குது. பாறையில ஒரேடியா மாட்டிக்கிட்டா ஹைட்ராலிக் அழுத்தத்த விட்டுடும், பின் சக்கரத்து மேல இருந்த அந்தக் கூடுதல் எடை போயிடும், சக்கரம் சும்மா சுத்தும், ஆள் தப்பிச்சாரு.

இந்த அமைப்புக்கு பேட்டன்ட் 1926. 1938ல ஹென்றி ஃபோர்டுகிட்ட செஞ்சு காட்டி, எழுத்துல எதுவும் இல்லாம கை குலுக்கி ஒப்பந்தம் பண்ணி, 1939ல இந்த அமைப்போட ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. ஃபோர்டோட பேரன் காலத்துல அந்த ஒப்பந்தம் முறிஞ்சு கோர்ட்டுக்குப் போய் 1952ல ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைச்சுது. இதுக்கு நடுவுல இங்கிலாந்துல கவென்ட்ரி நகரத்துல 1946ல இருந்து அவரோட டிஇ20 வர ஆரம்பிச்சு 5 லட்சத்துக்கு மேல வெளிவந்தது. 1958 ஜனவரியில எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போனது இந்த டிஇ20 டிராக்டர்கள்லதான், சக்கரத்துக்கு மேல டிராக் பட்டை மாட்டி.

1953ல ஃபெர்குசன் கம்பெனி கனடாவோட மேசி ஹாரிஸோட சேந்தது, பின்னாடி அது மேசி ஃபெர்குசன் ஆச்சு, 1960ல சென்னையில ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி அவங்களோட கூட்டுல இந்தியாவுல டிராக்டர் செய்ய ஆரம்பிச்சுது. தஞ்சாவூர்லயோ ஈரோட்டுலயோ ஒம்பது கொத்துக் கலப்பையோட போற எந்த டிராக்டரோட பின்பக்கம் பாத்தாலும் அதே மூணு புள்ளிதான், எந்த கம்பெனியா இருந்தாலும். சீட்டு பக்கத்துல ரெண்டு லீவர் இருக்கும் இல்லையா, ஒண்ணு இழுவைய பாக்குற டிராஃப்ட் கண்ட்ரோல், ஒண்ணு உயரத்த பாக்குற பொசிஷன் கண்ட்ரோல். டிராஃப்ட் மட்டும் வச்சு ஓட்டினா ஒரே வயல்ல களி வர்ற இடத்துல கலப்பை மேலோடும், மணல் வர்ற இடத்துல ஆழமா இறங்கும், ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது இழுவை மட்டும்தான், ஆழம் தெரியாது. அதனாலதான் இழுவைய கவனிக்காம உயரத்த மட்டும் பிடிச்சு வைக்குற பொசிஷன் கண்ட்ரோல் 1947ல ஃபோர்டு 8என்ல வந்தது. களியும் மணலும் கலந்த நெலத்துல ஓட்டுற அனுபவசாலி ரெண்டு லீவரயும் மாத்தி மாத்தி தொடறது இதுக்காகத்தான். புது பெரிய டிராக்டர்ல டாப் லிங்க் ஸ்பிரிங்குக்கு பதிலா கீழ கைகள் மாட்டுற பின்னுக்குள்ளயே இழுவைய அளக்குற சென்சார் இருக்கு, வால்வ கம்ப்யூட்டர் நகர்த்துது, கலப்பைய இம்மி தூக்கி இம்மி இறக்குற அந்த வேலை மட்டும் ஃபெர்குசன் போட்டபடியே நடக்குது.